டிக்கிக்குள் தெரிந்த வெளிச்சம்

மெஹ்னாஸ் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது முப்பத்து நான்காவது வயதில். கணவர் மஜீது துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தவர். ஒருநாள் கம்பிக் கட்டு ஒன்று சரிந்து அவருடைய இடது முழங்காலை நொறுக்கிவிட்டது. அதன் பிறகு அவரால் கிளட்சை மிதிக்க முடியவில்லை. வாசலில் தூசி படிந்து நின்ற பழைய காரை விற்றுவிடச் சொல்லி உறவுக்காரர்கள் ஆள் மாற்றி ஆள் வந்தார்கள். "நானே ஓட்றேன்" என்றாள் மெஹ்னாஸ். தண்டையார்பேட்டையில் அவர்கள் தெருவில் அதுவரை எந்தப் பெண்ணும் கார் ஓட்டியதில்லை. மஜீதுக்கே சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்து முடித்துவிட்டு, மறுநாள் காலை, நீட்டிய காலோடு பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அது நடந்து ஏழு வருடம் ஆகிறது. அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஆஸ்பத்திரி, பரீட்சை, கல்யாணம் எதுவென்றாலும் முதலில் மெஹ்னாஸுக்குத்தான் போன் போகும். நிரந்தர சவாரி ஒன்றும் அவளுக்கு இருந்தது. காட்டுப்பள்ளியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று பெண்களைக் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் அழைத்து வர வேண்டும். மலிகா அதே தெருக்காரி. கார்குழலி வியாசர்பாடியிலிருந்து பஸ்ஸில் வந்து மெயின் ரோட்டில் நிற்பாள். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம். சிவந்தி திருவொற்றியூரில் ஏறுவாள். முன் இருக்கை அவளுடையது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

மணலிப் பக்கம் இருந்து காற்று அடித்தால் ஒரு வாடை. கடல் பக்கம் இருந்து அடித்தால் இன்னொரு வாடை. நடுவில் டேங்கர் லாரிகளும் கண்டெய்னர் லாரிகளும் கக்கும் புகை. வண்டி எண்ணூர் சாலையில் ஏறியதுமே சிவந்தி ஆரம்பித்துவிடுவாள்.

"யக்கா, கண்ணாடிய ஏத்து. இன்னா கலீஜ் நாத்தம்."

"ஏத்திதான் கீது. என் வண்டிக்குள்ள ஒண்ணும் வராது, கம்முனு ஒக்காரு" என்பாள் மெஹ்னாஸ்.

அது அவளுடைய பெருமை. நான்கு கண்ணாடிகளும் இறுக்கமாக ஏறியிருக்கும். ஏசியில் வெளிக்காற்றை இழுக்காமல் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தி வைத்தவள் வருடக்கணக்காக எடுக்கவே இல்லை. ஊரெல்லாம் புகையைத் தின்றாலும் தன்னை நம்பி ஏறிய பெண்கள் தின்னக் கூடாது என்று நினைத்தாள்.

அக்டோபரில் ஒரு சிக்னலில் டிரெய்லர் ஒன்று பின்னால் வந்து லேசாக முட்டியது. பம்பர் பிளந்து, டிக்கி கதவு கோணலானது. திருவொற்றியூரில் மனோகரன் என்ற டிங்கர் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது, முப்பது வருடமாக அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி பெயின்ட் அடிப்பவர். இரண்டே நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். அடிபட்ட இடத்தைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மெஹ்னாஸ் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி பண்ணிக்கீறீங்கண்ணா" என்று மனதாரச் சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் தலைவலி ஆரம்பித்தது. முதலில் மலிகாவுக்கு. கம்பெனியில் போய் இறங்கும்போது நெற்றியைப் பிடித்துக்கொண்டே இறங்குவாள். பிறகு சிவந்திக்கு. கார்குழலி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி எடுக்காமல் யார் எடுப்பார்கள் என்று விட்டுவிட்டார்கள். மெஹ்னாஸுக்கும் கண் எரியும், மதியம் வீட்டுக்கு வந்தால் அடித்துப் போட்டது போலத் தூங்குவாள். ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்கும் ஒன்றும் இருக்காது. "காத்து கெட்டுப் போச்சு" என்றார் மஜீது. எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்த ஊரில் தலைவலிக்குக் காரணம் தேடி யாரும் அலைவதில்லை.

நவம்பர் மாதத்து மழை நாள் ஒன்று. காலை ஏழே கால் இருக்கும். எண்ணூரைத் தாண்டுவதற்குள் கண்டெய்னர் லாரிகள் மூன்று வரிசையாக அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் எங்கோ ஒரு லாரி பழுதாகி நின்றுவிட்டதாம். மழை சாய்ந்து அடித்தது. மெஹ்னாஸ் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் ஏசி நின்று கண்ணாடி எல்லாம் பனி மூடிவிடும். கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. கார்குழலிக்குப் பெண் பிறந்தால் என்ன பெயர் என்று மலிகா ஒரு பட்டியல் சொன்னாள். பிறகு பேச்சு குறைந்தது. பிறகு ஒருவரும் பேசவில்லை. தூங்குகிறார்கள் என்று மெஹ்னாஸ் நினைத்தாள். தூங்கட்டும், விடியற்காலை நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். முன்னால் இருந்த லாரி இருபதடி நகர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். மெஹ்னாஸுக்கு நகர வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் கால் எழவில்லை. யாருடைய காலோ தன் முட்டிக்குக் கீழே மாட்டியிருப்பது போல இருந்தது. பக்கக் கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்து ஒன்றும் தெரியவில்லை. அதைத் துடைக்கலாம் என்று தன் பக்கத்துச் சன்னலை இறக்கினாள். சில்லென்று மழை முகத்தில் அறைந்தது. நாலைந்து மூச்சு இழுத்த பிறகுதான் தலை கொஞ்சம் தெளிந்தது.

"சிவந்தி, அந்தத் துணிய எடு."

சிவந்தி எடுக்கவில்லை. மெஹ்னாஸ் திரும்பிப் பார்த்தாள். சிவந்தியின் தலை கண்ணாடியில் சாய்ந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. தோளைப் பிடித்து உலுக்கினாள். தலை முன்னால் தொங்கியது.

பின்னால் பார்த்தாள். மலிகாவின் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. கார்குழலி அவள் மடியில் சரிந்து கிடந்தாள், ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

அந்த நேரத்தில் தான் கத்தினோமா இல்லையா என்று மெஹ்னாஸுக்கு இன்றுவரை தெரியாது. கத்தினாள் என்று பின்னால் நின்ற லாரிக்காரர் சொல்கிறார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் அவர் குதித்து ஓடி வந்திருக்கிறார். மெஹ்னாஸ் கதவைத் திறந்து கீழே கால் வைத்ததும் முட்டி மடங்கித் தார் ரோட்டிலேயே விழுந்தாள். எழுந்து, காரைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்து, பின் கதவைத் திறந்து கார்குழலியின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். லாரிக்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து மற்ற இருவரையும் வெளியே எடுத்தார்கள்.

ஆம்புலன்ஸ் அந்த நெரிசலில் வர வழியில்லை. எதிர்ப்பக்கம் சாலை காலியாக இருந்தது. மீன் பெட்டி ஏற்றிக்கொண்டு போன குட்டி லாரி ஒன்றை மறித்து, பெட்டிகளை ஓரமாகத் தள்ளி, நான்கு பேரையும் ஏற்றினார்கள். மேலே கூரை கிடையாது. மழையும் கடற்காற்றும் முகத்தில் அடிக்க அடிக்க, பாதி வழியில் சிவந்தி இருமினாள், வாந்தி எடுத்தாள். அடுத்து மலிகா முனகினாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் கார்குழலி கண்ணைத் திறந்தாள். "யக்கா, கம்பெனி வந்துட்ச்சா?" என்று கேட்டாள்.

அங்கே முதலில் பார்த்த இளம் டாக்டர் விரலில் கருவியை மாட்டினார். தொண்ணூற்றெட்டு காட்டியது. நான்கு பேருக்கும் அப்படித்தான். "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு. காலையில சாப்பிடாம வந்தீங்களா?" என்றார். அதற்குள் உள்ளே இருந்து ஒரு மூத்த பெண் டாக்டர் வந்தார். நான்கு பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தலைவலியா?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"எல்லாரும் ஒரே வண்டியா? கண்ணாடி ஏத்தி இருந்துச்சா? வண்டி நின்னுக்கிட்டு இருந்துச்சா?"

ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்று சொல்லச் சொல்ல மெஹ்னாஸின் குரல் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் அந்தக் கருவியைக் கழற்றி வைத்தார். நான்கு பேருக்கும் முகமூடி போட்டு ஆக்சிஜன் திறக்கச் சொன்னார். ரத்தம் எடுக்கச் சொன்னார்.

"கார்பன் மோனாக்சைடும்மா. என்ஜின் புகையில இருக்கறது. ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்துல இது போய் உட்கார்ந்துக்கும். இந்த மெஷினுக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் சேர்த்து எண்ணிடும். மூச்சு நின்ன ஆளுக்குக்கூட உதடு சிவப்பாத்தான் இருக்கும்."

"பொகைனா வாடை வந்திருக்குமே மேடம். எங்களுக்கு ஒண்ணுமே தெர்லியே."

"இதுக்கு வாடை கிடையாது, நிறம் கிடையாது. கூட வர்ற புகைக்குக் கொஞ்சம் வாடை இருந்திருக்கும். எண்ணூர் ரோட்டுல அது யாருக்குத் தெரியும்?" என்றார் டாக்டர். பிறகு, "உங்க வண்டிப் புகை உங்க வண்டிக்குள்ளயே வந்திருக்கு" என்றார்.

மெஹ்னாஸுக்கு அந்த வாக்கியத்தை உள்ளே வாங்கிக்கொள்ளவே நேரம் பிடித்தது. லாரிப் புகை இல்லை, மணலி வாடை இல்லை. தன் வண்டி. இத்தனை நாளும் ஒன்றும் உள்ளே வரக் கூடாது என்று அவள் அடைத்து வைத்தது எல்லாம், வந்த விஷம் வெளியே போகாமல் இருக்கத்தான் உதவியிருக்கிறது.

மற்ற மூவரும் சாயங்காலத்துக்குள் எழுந்து உட்கார்ந்தார்கள். கார்குழலியை மட்டும் விடவில்லை; வயிற்றில் இருக்கும் குழந்தையின் ரத்தத்தை விட்டு அந்த விஷம் போக அதிக நேரம் ஆகும் என்றார்கள். ஸ்கேன் எடுக்க அழைத்துப் போனபோது மெஹ்னாஸ் சுவரைப் பிடித்தபடி பின்னாலேயே போனாள். கதவு மூடியது. கார்குழலியின் கணவன் பாரி அங்கே நின்றுகொண்டிருந்தான். வெல்டர், அதிகம் பேசாத பையன். அவன் மெஹ்னாஸின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"உன்ன நம்பிதான்கா கம்பெனி பஸ்ல வாணாம்னு சொல்லி அனுப்ச்சேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் இருந்த அந்த நிமிடங்களைப் பற்றி மட்டும் மெஹ்னாஸ் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. பிறகு உள்ளேயிருந்து குதிரை ஓடுவது போல டக் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குழந்தையின் இதயம். பாரி தரையில் உட்கார்ந்துவிட்டான். மார்ச் மாதம் கார்குழலிக்குப் பெண் குழந்தை பிறந்தது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது.

இரண்டு நாள் கழித்து மெஹ்னாஸ் ராயபுரத்தில் பிராங்கிளின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போனாள். லாரிக்காரர்கள் ஓரம்கட்டி விட்டிருந்த வண்டியை அவர்தான் போய் எடுத்து வந்திருந்தார், நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு. வண்டி தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. பிராங்கிளின் அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"சைலன்சர் ஜாயின்ட் வாய தொறந்துகினு கீதுக்கா. டிரெய்லர் முட்னப்பவே வுட்டுருக்கும். அதுக்கு முன்னாடி ஒரு டப்பா கீதே, பொகைய சுத்தம் பண்ற டப்பா, அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. யாரோ எப்பவோ நோண்டி எடுத்துட்டுக்கீறான். உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடியே இருக்கும்."

"பொக வந்ததுலாம் சரி தம்பி. வண்டிக்கு அடியில வர்ற பொக உள்ள எப்டி வந்துச்சு?"

பிராங்கிளின் டிக்கியைத் திறந்து கதவோர ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தார். ரப்பர் நன்றாகத்தான் இருந்தது. தரையில் ஓட்டை இல்லை. தட்டிப் பார்த்தார், கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தார். "தெர்லக்கா" என்றார்.

மெஹ்னாஸ் செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு டிக்கிக்குள் ஏறி முட்டியை மடக்கிப் படுத்தாள்.

"இன்னாக்கா பண்றீங்க?"

"மூடு."

"யக்கா..."

"மூடுனா மூடு தம்பி. வெளிய வெயிலு அடிக்கிதுல்ல."

கதவு மேலே வந்து மூடியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பெட்ரோல் வாடையும் பழைய கம்பள வாடையும். தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. அப்புறம் மெதுவாக, இடது பக்கம், கால்மாட்டில், பக்கவாட்டு அட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் கசிந்தது. அவள் உடம்பைத் திருப்பி, கையை நீட்டி, அட்டையைப் பிய்த்தாள். பகல் வெளிச்சம் பளிச்சென்று உள்ளே வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுரம். அதன் வழியாக ஷெட்டின் சிமென்ட் தரையும் பிராங்கிளினின் கால் விரல்களும் தெரிந்தன. அந்தச் சதுரத்துக்கு ஒரு சாண் தள்ளி சைலன்சரின் பிளந்த வாய்.

"தொற, தொற" என்று மேலே ஓங்கி அடித்தாள்.

பம்பரைக் கழற்றினார்கள். வலது பக்கமும் அதேபோல ஒரு சதுரம் இருந்தது. அதில் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று பொருந்தி, அதில் மூன்று ரப்பர் மடல்கள் தொங்கின. கதவைச் சாத்தும்போது உள்ளே இருக்கும் காற்று வெளியே போக எல்லாக் கார்களிலும் இப்படி ஒன்று பம்பருக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்றார் பிராங்கிளின். காற்று வெளியே போகலாம், வெளியே இருந்து வர முடியாது, மடல் மூடிக்கொள்ளும். இடது பக்கம் அந்தச் சட்டமே இல்லை. வெறும் ஓட்டை.

அங்கிருந்து நேராக மனோகரனிடம் போனாள். வழியெல்லாம் என்ன கேட்க வேண்டும் என்று வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனாளாம். போய் நின்றதும் எல்லாம் போய்விட்டது. வலது பக்கத்துச் சட்டத்தை அவர் முன்னால் நீட்டினாள்.

"இதும் ஜோடி எங்கண்ணா?"

மனோகரன் சாதாரணமாகத்தான் பார்த்தார். "அதுவா? இடி வாங்குனதுல ஒடஞ்சி போச்சும்மா. காத்து போற ஓட்டதானே, மூடி இல்லாட்டி இன்னான்னு வுட்டுட்டேன். மேல பம்பர் வந்துருது, வெளிய தெரியாது."

மெஹ்னாஸ் நடந்ததைச் சொன்னாள். கத்தவில்லை. சிவந்தியின் கண்கள் பாதி திறந்திருந்ததை, கார்குழலியின் கை வயிற்றின் மேல் இருந்ததை, கதவுக்கு வெளியே நின்றதை. அவர் கையில் இருந்த உப்புத்தாள் கீழே விழுந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்து உள்ளே போனார். மூலையில் இருந்த பழைய பெயின்ட் வாளி ஒன்றைத் தூக்கி வந்து தரையில் கவிழ்த்தார்.

உடைந்த கிளிப்புகள், திருகாணிகள், விளக்குத் துண்டுகள். அவற்றுக்கு நடுவே அதே மாதிரிச் சட்டங்கள். சில பாதி உடைந்தவை, சில மடல் கிழிந்தவை. மெஹ்னாஸ் தன் வண்டியுடையதைக் கண்டுபிடித்தாள், அவள் வண்டியின் நிறம் ஒட்டியிருந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு மீதியை எண்ணினார்கள். ஏழு.

"ஏழு வண்டி" என்றார் மனோகரன். "ரெண்டு வருசமா... ஏழு வண்டிம்மா. இப்ப ரோட்ல ஓடிகினு கீது."

யாருடைய வண்டிகள் என்று அவருக்கு நினைவில்லை. ஆனால் நிறம் கலக்கும்போது மிஞ்சிய பெயின்ட்டைச் சின்ன டப்பாக்களில் ஊற்றி, மூடியில் வண்டி எண்ணையும் சொந்தக்காரர் பெயரையும் ஊரையும் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. மறுபடி கீறல் விழுந்து வந்தால் அதே நிறம் வேண்டுமே. அலமாரியில் நாற்பது ஐம்பது டப்பாக்கள். சட்டங்களில் ஒட்டியிருந்த நிறத்தை டப்பாக்களின் நிறத்தோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சாம்பலுக்கும் வெள்ளிக்கும் நடுவில் எத்தனை நிறம் இருக்கிறது என்று மெஹ்னாஸுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த பதினோரு நாளும் இரண்டு பேரும் அதே வேலையாக அலைந்தார்கள். மெஹ்னாஸின் வண்டி சரியாகி வந்திருந்தது. புதுச் சட்டம், புது சைலன்சர், சுத்தம் பண்ணும் டப்பாவும் புதிது. ஏசி பொத்தானையும் எடுத்துவிட்டிருந்தாள். வாடை வந்தால் வரட்டும் என்று. அந்த வண்டியிலேயேதான் போனார்கள். மனோகரன் பின் இருக்கையில் மடியில் புதுச் சட்டங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்காரர், புளியந்தோப்பில் ஒரு ஸ்கூல் டீச்சர், மணலியில் இரண்டு டாக்சி. சிலர் திட்டினார்கள், ஒருவர் அடிக்கவே கை ஓங்கினார். மனோகரன் பம்பரைக் கழற்றி, சட்டத்தை மாட்டி, உள்ளே டார்ச் வைத்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் எழுவார். அந்த டீச்சருக்கு ஐந்து மாதமாக ஒற்றைத் தலைவலி, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய காரில் சைலன்சரும் ஓட்டை. விஷயத்தைக் கேட்டதும் அவர் காரை விட்டு இரண்டடி விலகி நின்றார். தினமும் பக்கத்தில் தன் பையனை உட்கார வைத்துக்கொண்டு போகும் கார் அது.

ஆறு வண்டிகள் கிடைத்துவிட்டன. ஏழாவது, பழுப்பு நிறக் கார், மாத்தூரில் இருந்தது. சுப்பராயன் என்ற பெயர், உரத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தார்கள். கார் தார்ப்பாய் போர்த்தி நின்றது. அதன் மேல் வேப்பிலைச் சருகு படிந்திருந்தது. கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி கெங்கம்மா, அறுபது வயதிருக்கும்.

"ஐயா இருக்காராம்மா?"

"அவரு போயி எட்டு மாசம் ஆவுது. நீங்க யாரு?"

மனோகரன் மெஹ்னாஸின் பின்னால் நின்றிருந்தார். கையில் இருந்த சட்டத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

உள்ளே உட்காரச் சொன்னார் கெங்கம்மா. மெஹ்னாஸ் மட்டும் உட்கார்ந்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். கேட்காமல் இருந்திருக்கலாம் என்று கேட்கும்போதே தோன்றியது. கெங்கம்மா சொன்னார். ஏப்ரல் மாதம், நல்ல வெயில். பேங்கில் ஒரு கையெழுத்து போட அவர் உள்ளே போயிருந்தார். சுப்பராயன் வெளியில் காரில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கூட்டம், ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.

"வந்து பாத்தா சாய்ஞ்சிகினு கீறாரு. தூங்குறாருன்னு நெனச்சேன். மொகத்துல ஒரு வாட்டமும் இல்ல. ஒதடு நல்லா செவந்து, வெத்தல போட்ட மாதிரி. ஆஸ்பத்திரில ஆர்ட் அட்டாக்குனு சொன்னாங்கோ." கெங்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்தார். "பிரஷர் மாத்திர தீந்து நாலு நாளாச்சு. வாங்கியாறேன் வாங்கியாறேன்னு நான்தான் மறந்துட்டேன். நான் கொன்னுட்டேம்மா அவர."

உதடு சிவந்திருந்தது என்றதுமே மெஹ்னாஸுக்கு டாக்டர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. எட்டு மாதம் ஆகிவிட்டது. உடம்பை எரித்தாகிவிட்டது. அதுதான் என்று இனி எந்த டாக்டரும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பேசாமல், தெரிந்தவர்கள், துக்கம் விசாரிக்க வந்தோம் என்று எழுந்து போய்விடலாம். அவள் திரும்பி மனோகரனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரில் இருந்த பெண் எட்டு மாதமாகத் தன்னைக் கொலைகாரி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். மெஹ்னாஸ் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

கெங்கம்மா முழுதும் கேட்டார். முடிந்ததும் மனோகரனைப் பார்த்தார்.

"நீதான் அந்த பம்பர மாட்னியா?"

"ஆமாம்மா."

"ஓட்டைய பாத்துட்டுதான் மாட்னியா?"

"பாத்துட்டுதாம்மா மாட்னேன். எனக்கு தெரியாது... இப்டி ஆவும்னு..."

கெங்கம்மா வெகு நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை மெஹ்னாஸ் பக்கம் திருப்பினார்.

"நீயும் அதுல மாட்டிகினேல்ல. உனுக்கு தெரியும். அவருக்கு வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா" என்றாள் மெஹ்னாஸ். அது பொய் இல்லை. "தூக்கம் வர்ற மாதிரிதான் இருந்துச்சு. கால் கனமா இருந்துச்சு, அவ்ளோதான். பயம்கூட வர்ல."

அப்போதுதான் கெங்கம்மா அழுதார். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழுகை அடங்கியதும், மனோகரன் பக்கம் பார்க்காமலே, "அந்தாள போவச் சொல்லு. என் கண்ணு முன்னாடி நிக்க வாணாம்" என்றார். மனோகரன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். பஸ் ஸ்டாப் இருக்கும் திசையில் வெயிலில் நடந்துபோனதை மெஹ்னாஸ் சன்னல் வழியாகப் பார்த்தாள். அவர் இன்னும் திருவொற்றியூரில் அதே இடத்தில்தான் வேலை செய்கிறார். ஆனால் பின்பக்கம் இடிபட்ட வண்டி வந்தால் எடுப்பதில்லை, வேறு ஆளைக் காட்டி அனுப்பிவிடுகிறார்.

மெஹ்னாஸ் கிளம்பவில்லை. மாதவரத்தில் இருக்கும் மகளுக்குப் போன் பண்ணச் சொல்லி, அவள் வரும்வரை கெங்கம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். நாலு மணிக்கு மகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இன்னா ஆச்சும்மா, யாரு இவங்க என்று வாசலிலிருந்தே கேட்டாள். கெங்கம்மா மெஹ்னாஸைப் பார்த்தார். மெஹ்னாஸ் அந்தப் பெண்ணை உட்கார வைத்து, மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.